நாற்பத்தேழாவது டேக்

எபனேசர் என்று ஒருவர் இருந்தார். இருந்தார் என்று சொல்வதே தப்பு. அந்த மனிதரால் ஓர் இடத்தில் அஞ்சு நிமிஷம் இருக்க முடியாது.

வயது ஐம்பத்து நாலு. முப்பது வருஷம் சினிமாப் பாட்டுகளுக்கு பேஸ் கிடார் வாசித்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "வாசிச்சது போதும், இனிமே நானே பதியப் போறேன்" என்று கிளம்பி, ஒலிப்பதிவு கற்றுக்கொள்ள வளசரவாக்கத்தில் தமயந்தியின் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தார்.

தமயந்திக்கு முப்பத்தேழு வயது. தன்னைவிடப் பதினேழு வயது சின்னவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று முதல் நாள் எபனேசர் திண்டாடிப் போனார். பேரைச் சொல்ல வாய் வரவில்லை. மேடம் என்றால் அவள் முறைத்தாள். கடைசியில் கிண்டலாக "டீச்சர்" என்றார், அதுவே நிலைத்துவிட்டது. அவள் அவரை "அண்ணே" என்பாள். பாடம் என்று உட்காரவைத்து எதையும் சொல்லித்தர மாட்டாள். அவர் ஒன்பது திருகைத் திருகி முடித்த பிறகு பக்கத்தில் வந்து, எட்டைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான் பாடம்.

அன்று செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்குத் தமயந்தி படியேறி வரும்போதே எபனேசர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். டேப் நல்லதா, கம்ப்யூட்டர் நல்லதா?"

"செருப்பைக் கழட்டிக்கிறேன், அண்ணே."

"கழட்டிக்கிட்டே சொல்லுங்க."

அவசரத்துக்குக் காரணம் உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடுகிற அறையில், அவருடைய மனைவி லில்லி புஷ்பம் ஸ்டூலில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன்.

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது" என்றுதான் டாக்டர் ஆரம்பித்தார். "ஆனா குரலுக்குப் போற நரம்பு அது பக்கத்துலயே ஓடுது. சில பேருக்குக் குரல் கொஞ்சம் மாறும். முன்ன மாதிரி மேல ஏறிப் பாட வராம போகலாம். பாடணும்னு ஆசை இருந்தா இப்பவே பாடி வச்சுக்கோங்க."

கடைசி வார்த்தையை அவர் சும்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். லில்லியும் சிரித்தாள். எபனேசர் மட்டும் சிரிக்கவில்லை.

லில்லி இருபத்தாறு வருஷம் கோரஸ் பாடியவள். எத்தனையோ பாட்டில் பின்னால் வருகிற ஆ, ஓ, லலலா எல்லாம் அவள் தொண்டை. அவள் பேரில் தனிப்பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணமான புதிதில் எபனேசர் அவளுக்காகவே ஒரு மெட்டுப் போட்டார். "அடுத்த மாசம் பதிஞ்சிடலாம் லில்லி" என்றார். பாருங்கள், அந்த அடுத்த மாசம் வருவதற்குள் இருபத்தெட்டு வருஷம் ஓடிப் போய்விட்டது. இப்போது கையில் இருப்பது நாலே நாள் என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே ஸ்டூடியோ. பாடு என்றார், பாடினாள். நல்லாயிருக்கு, இன்னும் ஒண்ணு என்றார். அதையும் பாடினாள். இது அதைவிட நல்லாயிருக்கு, ஆனாலும் சேஃப்டிக்கு ஒண்ணு என்றார். கம்ப்யூட்டரில் இடத்துக்கா பஞ்சம்? பாடப் பாட அது வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டே போனது. செவ்வாய் காலைக்குள் நாற்பத்தாறு டேக் ஆகியிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து ஒலியில் ஒரு கரகரப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அதுதான் எபனேசரைக் கொன்றது. மைக் கேபிளை மாற்றினார். போகவில்லை. மைக்கையே மாற்றினார். போகவில்லை. ஏசியை அணைத்துவிட்டு, அவளை வேர்க்க வேர்க்கப் பாடவைத்தார். அன்று மதியம் தமயந்தி வெளியே ஒரு வேலைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது அவருக்கு வசதியாகப் போயிற்று. தரைவிரிப்பைப் புரட்டிப் போட்டார், ஸ்டூலை நாலு மூலைக்கும் நகர்த்தினார். பிறகு வீட்டுக்குப் போய் இன்டர்நெட்டில் விடிய விடியப் படித்து, குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் பண்ற வேலைதான் டீச்சர். குரலைப் பொடிப்பொடியா நறுக்கி நம்பராக்கிப் போடுது. அந்த நறுக்குதான் கரகரன்னு கேக்குது. டேப்புன்னா முழுசா அப்படியே வாங்கிக்கிடும். அதுல ஒரு சூடு உண்டு, பாத்துக்கிடுங்க."

தமயந்தி செருப்பை ஓரமாக வைத்தாள்.

"எது பிடிச்சுது உங்களுக்கு? நாற்பத்தாறுல?"

எபனேசர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

"பல்லவிக்கு ஒன்பது. முதல் சரணத்துக்குப் பதினாலு, அதுல கடைசி வார்த்தை மட்டும் இருபத்திரண்டு. ரெண்டாவது சரணம்தான் இன்னும் கிடைக்கல."

"ரெண்டாவது சரணத்தை எத்தனை தடவை பாடினாங்க?"

"நாற்பத்தாறு தடவை."

தமயந்தி கண்ணாடி வழியாக லில்லியைப் பார்த்தாள். லில்லி கையை ஆட்டினாள், வாயைத் திறக்கவில்லை.

"சரி அண்ணே" என்றாள் தமயந்தி. "டேப்லயே போடுவோம்."

எபனேசர் ஒரு துள்ளுத் துள்ளினார்.

ஸ்டூடியோ மூலையில் டேப் மெஷின் துணி போர்த்தி நின்றது. காட்சிக்கு வைத்ததல்ல. டேப்பில்தான் பதிவோம் என்று அடம்பிடிக்கிற பேண்ட் பிள்ளைகள் இப்போதும் வருஷத்துக்கு நாலு பேர் வருவார்கள். எபனேசரே பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, டேப் உரசிப் போகிற ஹெட்டைக் கண்ணாடிபோலத் துடைத்தார். தமயந்தி பிரிக்காத ரீல் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள்.

"அண்ணே, இந்த ஒரு சின்ன ரீல்தான் இருக்கு. ஒரு டேக்தான் இதுல வச்சுக்கலாம். ரீவைண்ட் பண்ணித் திரும்பப் பதிஞ்சா முதல்ல பதிஞ்சது அழிஞ்சிடும்."

"அழியட்டும் டீச்சர்! அதான வேணும்!" எபனேசருக்கு வேகம் வந்துவிட்டது. எழுந்து நடந்துகொண்டே பேசினார். "போனா போனதுதான்னு ஒரு பயம் வேணும். அந்தப் பயத்துல பாடினாத்தான் பாட்டுல உயிர் இருக்கும். இந்தக் கம்ப்யூட்டர் வந்து நம்ம எல்லாரையும் கோழையாக்கிருச்சு. அழிச்சா திரும்ப வருது, தப்புப் பண்ணா திருத்துது. என்ன பிழைப்பு இது!"

"உக்காருங்க. போடலாம்."

சிவப்பு விளக்கு எரிந்தது. ரீல் சுற்றியது. அந்தப் பக்கம் லில்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொண்டையை ஒருமுறை செருமி, கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள்.

பல்லவி முடியும்போது தமயந்தி தற்செயலாகத் திரும்பினாள். கம்ப்யூட்டர் ஸ்கிரீனிலும் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அங்கேயும் பதிவாகிறது. எபனேசர் முதுகால் அதைப் பாதி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்த பிறகு தமயந்தி கேட்டாள்.

"இது எதுக்கு ஓடுது?"

"எது?"

"உங்க முதுகுக்குப் பின்னால ஓடுறது."

எபனேசர் திரும்பிப் பார்த்து, அப்போதுதான் பார்ப்பவர்போல ஒரு முழி முழித்தார்.

"அதா... அது சும்மா. ஒரு சேஃப்டிக்கு."

"பயம் வேணும்னீங்க."

"பயம் வேணும்தான். அதுக்காகக் கையில இருக்கிறதை விட்டுட முடியுமா டீச்சர்?"

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். டேப்பை ரீவைண்ட் செய்து ஓடவிட்டாள். எபனேசர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, சூட்டுக்காகக் காத்திருந்தார். நாலு வரி போனது. முகம் மாறியது.

கரகரப்பு அப்படியே இருந்தது.

"டேப் பழசு போல" என்றார்.

"உங்க கண்ணு முன்னாடிதானே பிரிச்சேன்."

"அப்போ ஹெட்டு அழுக்கு."

"நீங்கதானே துடைச்சீங்க."

கம்ப்யூட்டரில் பதிந்ததைப் போட்டுப் பார்த்தார். அதே இடத்தில் அதே கரகரப்பு. மணியைப் பார்த்தார். நாளைக்குக் காலையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். இருப்பது இன்றைக்கு ஒரு பொழுது, இந்த நேரத்தில் இந்தப் பாழாய்ப்போன மெஷின்கள் இரண்டும் சேர்ந்துகொண்டு கழுத்தை அறுக்கின்றனவே என்று அழுகை வந்தது. அழவில்லை. ஆணியில் மாட்டியிருந்த இன்னொரு கேபிளை உருவிக்கொண்டு பாடுகிற அறைக்கு ஓடினார்.

தமயந்தி வழியில் நின்று கேபிளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"டீச்சர், கொடுங்க. மைக்குக்கும் சுவருக்கும் நடுவுலதான் எங்கேயோ கோளாறு. நேரம் இல்ல."

"ஒரு நிமிஷம்."

அவள் உள்ளே போனாள். மைக்கின் கேபிளைக் கழற்றினாள். மைக்கைத் தாங்கியோடு தூக்கி மூலையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். லில்லியின் தலையிலிருந்து ஹெட்போனை எடுத்தாள். திரும்பி வந்து டேப் மெஷினை அணைத்தாள், கம்ப்யூட்டரை அணைத்தாள், ஸ்பீக்கரை அணைத்தாள். எப்போதும் மூடியே இருக்கிற அந்தக் கனத்த கதவை விரியத் திறந்து, அடியில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள்.

"இங்க நில்லுங்க அண்ணே. இந்த வாசப்படியில."

எபனேசர் நின்றார். அவருக்கும் மனைவிக்கும் நடுவில் எட்டடித் தரை மட்டும் இருந்தது.

"லில்லிக்கா, ரெண்டாவது சரணம், ஒரே ஒரு வரி."

லில்லி கணவனைப் பார்த்தாள். அவர் தலையசைப்பாரா என்று பார்த்தாள். அவருக்கு அது தோன்றவே இல்லை. அவள் பாடினாள்.

வரி பாதியிலேயே உடைந்தது. கம்பியில்லாமல், மெஷின் இல்லாமல், நேரே அவள் வாயிலிருந்து வந்தது அந்தக் கரகரப்பு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று நாள் உட்கார்ந்து எபனேசர் பார்த்ததெல்லாம் ஸ்கிரீனில் ஏறி இறங்குகிற பச்சைக் கோடுகள். அவள் கழுத்தை அவர் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். விழுங்கும்போதெல்லாம் அவள் ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"ஐயோ லில்லி" என்றார். "வலிக்குதா?"

அவள் கையை அசைத்து, பரவாயில்லை என்றாள்.

"எப்போ இருந்து?"

"நேத்து காலையில இருந்து." பேச்சே காற்றாகத்தான் வந்தது.

"சொல்லக்கூடாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

"சொன்னா பயந்துடுவீங்க. ஏற்கெனவே பயந்து போய் இருக்கீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதோட எனக்கும் ஆசையா இருந்துச்சு. இருபத்தெட்டு வருஷம் கழிச்சு என்னை மட்டும் பாடச் சொல்றீங்க. எப்படி வேணாம்னு சொல்வேன்?"

எபனேசர் அந்த எட்டடியைக் கடந்து போய், அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் குரலைப் பத்திரப்படுத்தத்தான் வந்தார். அவரே நாற்பத்தேழு முறை அதை உரசி எடுத்திருக்கிறார். லில்லி அவர் தலைமேல் கைவைத்து, "போதும், எழுந்திரிங்க, டீச்சர் பாக்குது" என்றாள்.

கொஞ்சநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தமயந்தியிடம் திரும்பினார். இப்போது கோபம் வந்திருந்தது. யார்மேலாவது காட்டியாக வேண்டிய கோபம்.

"உங்களுக்கு இது முன்னாலேயே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க. அப்படித்தானே?"

"நேத்து காலையில சொன்னேன் அண்ணே."

"எங்க சொன்னீங்க?"

"'அண்ணே, குரல் கரகரக்குது'ன்னு சொன்னேன். நீங்க கேபிளை மாத்தினீங்க."

எபனேசருக்கு ஞாபகம் வந்தது. சொன்னாள். அவர் "ஆமா டீச்சர், எனக்கும் கேக்குது" என்று சொல்லிவிட்டு, குனிந்து கேபிளைத்தான் பிடுங்கினார்.

நோட்டை மடித்துப் பையில் வைத்தார். திரும்ப எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அப்போ பாட்டு இல்லைன்னு ஆயிடுச்சு" என்றார். "நாற்பத்தேழும் வீண். இனி அவளைப் பாடச் சொல்ல மாட்டேன்."

"முதல் டேக் என்ன ஆச்சு?"

"எது, ஞாயித்துக்கிழமை போட்டதா? அது டேக்கே இல்ல டீச்சர். அவ இன்னும் தயாராகவே இல்ல. சும்மா மைக் சரியா இருக்கான்னு பாக்கப் போட்டது. நான் அதைத் திரும்பக் கேக்கக்கூட இல்ல."

தமயந்தி கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். முதல் டேக்கை எடுத்தாள். ஓடவிடுவதற்கு முன்னால் ஸ்கிரீனை மட்டும் அணைத்தாள். பச்சைக் கோடுகள் மறைந்தன. எபனேசருக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிரே இருந்த சுவரில் வைத்தார்.

லில்லியின் குரல் வந்தது.

கரகரப்பு இல்லை. பயமும் இல்லை. பதிவாகிறது என்றே தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்ச்சிலிருந்து வந்த புடவையோடு, வீட்டில் அரிசி களைந்துகொண்டே பாடுகிறவள்போல அவள் பாடிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் வார்த்தை மறந்துபோய், "ம்ம்" என்று முனகி ஒப்பேற்றினாள். மெட்டுப் போட்ட மனிதர் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எப்படிக் கேட்க ஆசைப்பட்டாரோ, அப்படி இருந்தது. பாட்டு முடிந்த பிறகும் எபனேசர் எழுந்திருக்கவில்லை.

"இதுதான்" என்றார். "இதே போதும். இது கிடைச்சதே போதும்."

"சரி" என்றாள் தமயந்தி.

லில்லி வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தமயந்தி அந்த ஒரு டேக்கைத் தனியாக எடுத்து வைக்க ஸ்கிரீனைப் போட்டாள். பச்சைக் கோடுகள் திரும்ப வந்தன. எபனேசர் அவற்றைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கை தானாக மௌஸுக்குப் போனது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"ரெண்டாவது சரணத்துல, கடைசி அடி. சுதி ஒரு நூலளவு கீழே இறங்குது. டேப்பா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, விட்டுடலாம். இது கம்ப்யூட்டர்தானே. ஒரு செகண்டு வேலை. லேசா மேல ஏத்திடட்டுமா?"

தமயந்தி வாசல் பக்கம் பார்த்தாள். லில்லிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வியாழக்கிழமை ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண் முழிச்சு, அவங்க உங்களைக் கூப்பிடுவாங்க அண்ணே. அந்தக் குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தா, இன்னொரு தடவை கூப்பிடுன்னு சொல்லுவீங்களா?"